மாணவியரின் உடற்தகுதியை அளக்கும் முன் மைதானத்தின் தரையை அளக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கொங்கு மாவட்டங்களில் பள்ளி மாணவியருக்கான கால்பந்து அணித் தேர்வு நடக்கும்போது, பிள்ளைகள் 30 மீட்டரை எத்தனை விநாடியில் ஓடுகிறார்கள், 20 மீட்டர் இடைவெளியில் பீப் ஒலிக்கு ஏற்ப வேகம் கூட்டிப் போய்த் திரும்பும் பீப் ஓட்டத்தில் எந்த நிலை வரை தாக்குப்பிடிக்கிறார்கள், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் தாண்டுகிறார்கள் என்பதையெல்லாம் தாளில் குறித்துக்கொள்கிறோம். அந்த ஓட்டம் எந்தத் தரையில் நடந்தது என்று எழுத அந்தத் தாளில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. புல்தரையில் ஓடிப் பழகிய பிள்ளையையும், சரளை பரந்த கட்டாந்தரையில் வழுக்கி விழாமல் இருப்பதற்காகவே வேகத்தைக் குறைத்துத் திரும்பப் பழகிய பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஓடவிட்டு, இரண்டாமவளின் பெயருக்கு எதிரே ‘உடற்தகுதி போதாது’ என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். இப்பகுதி அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில், அந்தக் குறிப்பில் பாதியாவது நாம் அவளுக்குக் கொடுத்த தரையைப் பற்றியது என்று சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உடற்தகுதி என்பதை நம்மில் பலர் உணவு, உழைப்பு, மனவுறுதி ஆகியவற்றின் கணக்காகவே பார்க்கிறோம். பயிற்சியளிப்பவர்களுக்குத் தெரிந்த கணக்கு வேறு. தடைபடாமல் தொடரும் பயிற்சி வாரங்கள்தாம் உடற்தகுதி. நுரையீரலும் இதயமும் கால் தசைகளும் மாதக்கணக்கில் சேர்த்த வலிமை, இரண்டு மூன்று வாரங்கள் ஓடாமல் இருந்தாலே இறங்கத் தொடங்கிவிடும். கணைக்கால் வலியென்று ஒரு பிள்ளை பருவத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்துவிட்டால், அவள் ஒவ்வொரு முறையும் படியின் அடியிலிருந்தே ஏற வேண்டியிருக்கிறது. எந்தத் தரை பிள்ளைகளை அடிக்கடி உட்கார வைக்கிறதோ, அந்தத் தரை எவ்வளவு கடினமான பயிற்சித் திட்டத்தையும் வீணாக்கிவிடும்.

நம் பகுதியின் மண்ணைப் பார்க்கலாம். காங்கேயம், அவிநாசி பக்கத்துப் பள்ளி மைதானங்கள் பெரும்பாலும் சரளை கலந்த செம்மண். மழை விட்டதும் தண்ணீர் வடிந்துவிடும் என்பது அதன் நல்ல குணம். ஆனால் கோடையில் அது இறுகிக் கல்லாகிவிடுகிறது. அந்த இறுகிய பரப்பின் மேல் தளர்ந்த சரளை உருண்டுகொண்டிருக்கும். அடியில் கடினம், மேலே வழுக்கல் என்ற இந்தச் சேர்க்கையை விடக் காலுக்குக் கேடானது குறைவு. சூலூர், உடுமலை வட்டாரங்களில் கரிசல் நிலத்தில் அமைந்த மைதானங்களுக்கு வேறு தொல்லை. கரிசல் களிமண் ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்கும் தன்மையுடையது. சித்திரை வெயிலில் வெடிப்பு விடும்போது ஒரு சிறு பிள்ளையின் பாதம் சிக்கிக்கொள்ளும் அளவுக்குக்கூடப் பிளவு உண்டாகும். ஐப்பசியில் அதே மண் ஷூவில் அப்பிக்கொண்டு காலைத் தூக்கவிடாது. இவை போதாவென்று, பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசி தொடங்கி வீசும் காற்று பொள்ளாச்சி முதல் பல்லடம், தாராபுரம் வரை புல் மூடாத மைதானங்களின் மேல்மண்ணை வாரிக்கொண்டு போய்விடுகிறது. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக் காற்று மைதானத்தின் மென்மண்ணை மட்டும் விட்டுவைக்குமா? பொடிமண் போனபின் மிஞ்சுவது கல்லும் சரளையும்தான். புதிய கல்வியாண்டின் முதல் பயிற்சி முகாம்கள் பெரும்பாலும் இந்தக் காற்று மாதங்களில்தான் வருகின்றன.

இறுகிய தரை உடலுக்கு என்ன செய்கிறது? ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வருகிறது. 45 கிலோ எடையுள்ள மாணவி என்றால் ஒவ்வோர் அடியிலும் 90 முதல் 135 கிலோ வரையிலான சுமையை அவளது கால் தாங்குகிறது. உயர்நிலைப் பெண்கள் ஆட்டத்தில் ஒரு வீராங்கனை சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார். பள்ளிப் பிள்ளை அதைவிடக் குறைவாக ஓடினாலும் அது ஆயிரக்கணக்கான காலடிகள். தரை சற்றே அமுங்கிக் கொடுத்தால் அந்த அதிர்ச்சி சில மில்லி விநாடிகள் பரவி மட்டுப்படும். அமுங்காத தரையில் அதைக் கெண்டைத் தசையும் கணைக்கால் எலும்பும் முழங்காலும்தான் ஏற்க வேண்டும். எலும்பு வலுப்பெற ஓரளவு அதிர்ச்சி தேவை என்பது உண்மை. வளரும் வயதுப் பெண் பிள்ளைகள் குதிப்பதும் ஓடுவதும் பிற்காலத்தில் எலும்பு தேயாமல் இருக்க உதவும். எனவே பஞ்சு மெத்தையில் ஓடவிடச் சொல்லவில்லை. அதிர்ச்சிக்கும் ஓய்வுக்கும் உள்ள விகிதம் கெட்டுப்போகும்போதுதான் கணைக்காலின் உட்புறத்தில் வலி தொடங்குகிறது; அதைக் கவனிக்காமல் ஓடினால் எலும்பில் மயிரிழை விரிசல் வரை போகிறது. போதிய உணவில்லாமல், மாதவிடாய் ஒழுங்கு தவறிய நிலையில் கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு இவ்வகை விரிசல் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவே 2014இல் எடுத்துச் சொல்லி எச்சரித்திருக்கிறது.

இரத்தச்சோகையையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. ஓடுபவர்களின் பாதம் தரையில் திரும்பத் திரும்ப மோதும்போது, உள்ளங்காலின் நுண்குழாய்களில் உள்ள சிவப்பணுக்களில் ஒரு சிறு பகுதி உடைகிறது என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தி. நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த ஒரு படைவீரரிடம் இது 1881இலேயே பதிவாகியிருக்கிறது. நன்றாக உண்ணும் ஒருவருக்கு இந்த இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று. மாதந்தோறும் இரும்புச்சத்தை இழந்து, காலையில் வெறும் டீயோடு பயிற்சிக்கு வரும் பிள்ளைக்கு அந்தச் சிறு இழப்பும் கணக்கில் சேரும் என்றே நான் கருதுகிறேன். அவள் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கி நிற்பதைப் பார்த்து ‘ஸ்டாமினா இல்லை’ என்று சொல்லிவிடுகிறோம். சத்து மாத்திரையும், தேய்ந்து தட்டையாகாத அடிப்பாகமுள்ள ஷூவும், சற்று மென்மையான தரையும் கிடைத்தால் அந்தப் பிள்ளை எப்படி ஓடுவாள் என்பதை நாம் சோதித்துப் பார்த்ததே இல்லை.

அடுத்தது பிடிமானம். கால்பந்தில் நேராக ஓடுவதைவிட நிற்பதும் திரும்புவதும் முக்கியம். தரையில் பிடிமானம் குறைவாக இருந்தால் கால் வழுக்கி, தொடையின் உட்பக்கத் தசை இழுத்துக்கொள்ளும். பிடிமானம் அளவுக்கு மிஞ்சினால் பாதம் தரையில் பதிந்து நின்றுவிட, உடல் மட்டும் திரும்பி, முழங்கால் ஜவ்வு கிழியும். ஏசிஎல் எனப்படும் அந்த முழங்கால் ஜவ்வுக் கிழிவு, ஒரே அளவு நேரம் ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் நேர்கிறது. இடுப்பின் அமைப்பு, குதித்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சாய்வது, பின்தொடைத் தசையின் வலுக்குறைவு என்று காரணங்கள் பல. ஆண்களின் பாத அமைப்புக்கு ஏற்ப வார்க்கப்பட்ட ஷூக்களையே பெண்களும் அணிய வேண்டியிருப்பதும் அவற்றில் ஒன்றாகப் பேசப்படுகிறது. இக்கிழிவுக்கு அறுவை செய்துகொண்ட ஒரு பெண் மீண்டும் களமிறங்க ஒன்பது மாதமாவது ஆகும். பத்தாம் வகுப்பில் அடிபட்டால், அவள் திரும்பி வரும்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேரும் வாய்ப்பே கைவிட்டுப் போயிருக்கும். பெரும்பாலான வீடுகளில் அறுவைச் சிகிச்சையே நடப்பதில்லை, பிள்ளையின் ஆட்டம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

இன்னொன்று எந்தச் சோதனையிலும் தெரியாது. விழுவதற்கு அஞ்சும் பிள்ளை முழு வேகத்தில் ஓடமாட்டாள். சரளையில் ஒருமுறை சறுக்கி விழுந்தால் முட்டியிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்துவிடும். ஆண் பிள்ளைக்கு அது வெறும் காயம். நம் ஊரில் பெண் பிள்ளைக்கு அது வீட்டுப் பேச்சாகிவிடுகிறது. “காலெல்லாம் தழும்பாயிருச்சுங்க டீச்சர், நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கோணுமல்லங்க” என்று சொல்லித் தம் மகளை அழைத்துச் சென்ற தாய்மார்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. பிள்ளையின் காலில் தழும்பு விழாத ஒரு தரையை நாங்கள் அவர்களுக்குக் காட்டியதில்லை. கோல்கீப்பர்களின் நிலை இதைவிட மோசம். பக்கவாட்டில் பாய்ந்து பந்தைத் தடுப்பதுதான் அவர்களுடைய தொழில். கட்டாந்தரையில் பாய்ந்தால் இடுப்பெலும்பும் முழங்கையும் கன்றிப்போகும் என்பதால், நம் பிள்ளைகள் நின்ற நிலையிலேயே காலை நீட்டித் தடுக்கப் பழகிக்கொள்கிறார்கள். மாநில அளவிலான போட்டிக்குப் போய் நல்ல புல்தரையில் நிற்கும்போதும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. பாய்ந்தெழும் வலிமை உடலில் வளர வேண்டிய வயதில், தரையே அதை வளரவிடாமல் செய்துவிடுகிறது.

இவ்வளவையும் கேட்பவர்கள் சொல்லும் உடனடித் தீர்வு செயற்கைப் புல்தரை. தொகுதிதோறும் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் பணி நடந்துவரும் இக்காலத்தில், கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு நகரங்களில் வாடகை டர்ஃப்கள் பெருகிவிட்ட நிலையில், ‘டர்ஃப் போட்டுக் கொடுங்கள்’ என்ற கோரிக்கை எழுவது இயல்பே. அதை நான் எதிர்க்கவில்லை. நன்கு அமைக்கப்பட்ட செயற்கைத் தரையிலும் நல்ல இயற்கைப் புல்லிலும் வீரர்கள் ஓடும் மொத்தத் தொலைவும் வேக ஓட்டங்களும் பெரிதாக வேறுபடுவதில்லை என்று சுவீடனில் உயர்நிலை வீரர்களை வைத்து நடத்தி 2008இல் வெளியிடப்பட்ட ஆய்வு காட்டுகிறது. சறுக்கித் தடுப்பது மட்டும் செயற்கைத் தரையில் குறைந்திருந்தது. அதே வேளையில், நார்வேயில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளம் வீராங்கனைகளை 2005ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் கண்காணித்த ஆய்வில், மொத்தக் காயங்களின் வீதம் இரு தரைகளிலும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தபோதிலும், ஆட்டங்களின்போது மூன்று வாரத்துக்கு மேல் ஒதுங்கியிருக்க வைக்கும் கடுமையான காயங்கள் செயற்கைத் தரையில் இரு மடங்காக இருந்தன. பெண் பிள்ளைகளின் தடைபடாத பயிற்சி பற்றிக் கவலைப்படும் எவரும் இந்த இரண்டாவது முடிவைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

செயற்கைத் தரையை எதிர்த்துப் பெண்களே உரக்கப் பேசியிருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டு மகளிர் உலகக் கோப்பை கனடாவில் முழுவதும் செயற்கைத் தரைகளில் நடத்தப்படவிருந்தபோது, ஆண்களின் உலகக் கோப்பை ஒருபோதும் அவ்வாறு நடத்தப்பட்டதில்லையே என்று கேட்டு, ஏபி வாம்பாக் உள்ளிட்ட வீராங்கனைகள் 2014 அக்டோபரில் ஒண்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டனர். 2015 ஜனவரியில் அந்த முறையீடு திரும்பப் பெறப்பட்டது. போட்டி செயற்கைத் தரையிலேயே நடந்தது. எட்மண்டனில் நடந்த தொடக்க ஆட்டத்தின்போது தரையின் வெப்பம் ஏறத்தாழ 49 டிகிரி செல்சியஸ் என்று செய்திகள் வந்தன. கனடாவின் கோடையிலேயே அப்படியென்றால், கரூரிலும் ஈரோட்டிலும் பங்குனி, சித்திரை மாதங்களில் மதியம் இரண்டு மணிக்கு என்னவாகும்? கடும் வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது பல நாடுகளில் அளந்து அறியப்பட்ட உண்மை. தண்ணீர் தெளித்தால் தணியும். சிறிது நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிடும். வாடகை டர்ஃப்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகான குளிர்ந்த நேரம் முழுவதையும் வேலை முடிந்து வரும் ஆண்கள் பதிந்துவிடுகிறார்கள். கட்டணம் குறைவு என்பதாலும், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதாலும் பெண் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பகல் நேரமே. தரையின் கேடு முழுவதையும் அவர்கள்தாம் அனுபவிக்கிறார்கள்.

டர்ஃப் என்ற பெயரில் போடப்படுவதெல்லாம் ஒன்றல்ல என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா தன் தரச்சான்றுக்காக, சிமெண்டுத் தளத்தோடு ஒப்பிட்டு ஒரு தரை எத்தனை விழுக்காடு அதிர்ச்சியை உள்வாங்குகிறது என்று அளக்கிறது. 20 கிலோ எடையை விழச்செய்து அளக்கும் கருவி அதற்கென்றே உண்டு. 2015ஆம் ஆண்டு விதிகளின்படி உயர்தரச் சான்றுக்கு அது 60 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஷூவின் அடிப்பாகம் திரும்பும்போது தரை காட்டும் எதிர்ப்பு 30 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள் இருக்க வேண்டும். முழங்கால் ஜவ்வின் விதியைத் தீர்மானிப்பதில் இந்த இரண்டாவது அளவுக்குப் பெரும் பங்குண்டு. நம் நகரங்களில், அடியில் அதிர்ச்சி தாங்கும் விரிப்பு எதுவுமின்றி, சிமெண்டுத் தளத்தின் மேல் நேராகப் புல்விரிப்பை ஒட்டி, மேலே கொஞ்சம் ரப்பர்த் துகளைத் தூவிவிட்ட டர்ஃப்களை நானே பார்த்திருக்கிறேன். சில மாதங்களில் துகள் ஓரங்களுக்கு ஒதுங்கிவிட, நடுப்பகுதியில் பிள்ளைகள் ஓடுவது பச்சை வண்ணம் பூசிய சிமெண்டின் மேல்தான். அந்தத் துகளைப் பற்றியும் ஒரு சொல்: ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நுண்நெகிழித் துகள்களுக்குக் கட்டுப்பாடு விதித்து, விளையாட்டுத் தரைகளில் நிரப்பும் ரப்பர்த் துகளை எட்டாண்டு அவகாசத்தில் விலக்க முடிவெடுத்திருக்கிறது. அங்கே விலக்கப்படுவதை நாம் இப்போது புதிதாக வாங்கிக் கொட்ட வேண்டுமா என்பதைப் பொறியாளர்கள் சிந்திக்கட்டும்.

இயற்கைப் புல் என்ற பெயர் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2015 டிசம்பரில் ஹவாய்த் தீவுகளில் அமெரிக்கப் பெண்கள் அணியினர் பராமரிப்பற்ற ஒரு புல்தரையில் பயிற்சி செய்தபோதுதான் மேகன் ரபினோவின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அடுத்த நாட்களில் அங்கு நடக்கவிருந்த ஆட்டத்தை, அரங்கின் செயற்கைத் தரையும் பாதுகாப்பானதன்று என்று சொல்லி அவ்வணி ஆடாமலே திரும்பியது. உலகக் கோப்பையை வென்ற அணிக்குத் தரையைப் பார்த்துவிட்டு ஆட மறுக்கும் துணிவு இருந்தது. நம் பள்ளிப் பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. அவளுக்காக ஆசிரியர்களும் அலுவலர்களும்தான் மறுக்க வேண்டும்.

கொங்கு மண்ணில் புல்தரை நிற்குமா என்று ஐயப்படுவோர் கோவை நேரு விளையாட்டரங்கை நினைத்துப் பார்க்கலாம். 2019 மார்ச்சில் சென்னை சிட்டி அணி இந்தியக் கால்பந்துக் கழகங்களுக்கான ஐ-லீக் பட்டம் வென்றது அந்த அரங்கின் புல்தரையில்தான். ஊரெங்கும் வரப்பில் தானாக முளைத்து, பிடுங்கப் பிடுங்க வளரும் நம் அருகம்புல்தான், வெப்ப நாடுகளின் கால்பந்துத் திடல்களில் பயன்படும் புல்வகைகளுக்குத் தாய்வகை. அது வெயிலைத் தாங்கும். மிதிபட்டாலும் தண்டு படர்ந்து மூடிக்கொள்ளும். வேர்ப்பின்னல் மண்ணைப் பிடித்துக்கொள்வதால் ஆடிக் காற்றில் மேல்மண் பறக்காது. கோவையிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. செம்மண்ணுக்கு எவ்வளவு மணலும் மக்கிய எருவும் சேர்க்க வேண்டும், கரிசலின் உப்பலை எப்படி அடக்க வேண்டும் என்று சொல்ல அங்கே வல்லுநர்கள் இருக்கிறார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிக் கயிற்றுத் தொழிற்கூடங்களில் மலைபோல் குவியும் தென்னை நார்க்கழிவை மக்க வைத்துச் சேர்த்தால் மண் இளகும், ஈரமும் நிற்கும்.

தண்ணீர்தான் எல்லாரும் எழுப்பும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட முழுத் திடலுக்கு 5 மில்லிமீட்டர் அளவு நீர் பாய்ச்ச ஏறத்தாழ 35,700 லிட்டர் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுத் திடல் எதற்கு? 60 மீட்டருக்கு 40 மீட்டர் என்று ஒரு பகுதியில் மட்டும் புல் வளர்த்தால் 12,000 லிட்டர், அதாவது ஒரு லாரித் தண்ணீர் போதும். வேர் ஆழமாக இறங்கிய அருகம்புல்லுக்கு அதையும் தினந்தோறும் விட வேண்டியதில்லை. நகராட்சிகளும் மாநகராட்சிகளும் சுத்திகரித்து வெளியே விடும் கழிவுநீரில் ஒரு சிறு பங்கை இதற்குத் திருப்பினால் குடிநீரில் ஒரு குடம்கூடக் குறையாது.

பராமரிப்பில் நம் மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. காங்கேயம் பகுதிக் கொரங்காடுகளில் கிளுவை வேலி போட்டு, மேய்ச்சல் நிலத்தைப் பாகம் பிரித்து, ஒரு பாகத்தில் மாடு மேயும்போது இன்னொரு பாகத்தை ஆறவிடும் முறை தலைமுறைகளாக இருக்கிறது. விளையாட்டுத் திடலுக்கும் வேண்டியது அதே ஒழுங்குதான்: கோல் கம்பங்களின் முன்புறம் புல் தேய்ந்ததும் கம்பங்களை இடம் மாற்றி ஆட வேண்டும், மழை நின்ற அன்றே இறங்கி மிதிக்கக் கூடாது, ஆண்டுக்கு ஒருமுறையாவது துளையிட்டு மணல் தூவ வேண்டும். பொருட்காட்சிக்கும் பொதுக்கூட்டத்துக்கும் வாகன நிறுத்தத்துக்கும் மைதானத்தை வாடகைக்கு விடுவது நிற்காதவரை இதில் எதுவும் நடக்காது. ஒரு வாரம் லாரிகள் நின்ற மண் இறுகியபின், அதை இளக்க ஒரு பருவமே ஆகும். அந்த வாடகைப் பணத்தைவிட ஒரு பிள்ளையின் முழங்காலுக்கு ஆகும் செலவு கூடுதல் என்பதை மைதானங்களைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புல் வளரும் வரை காத்திருக்காமல் உடனே செய்யக்கூடியவையும் உண்டு. தரையின் இறுக்கத்தை அளக்கக் கருவி இல்லாத பள்ளியில், மண்ணை நனைத்த மறுநாள் ஒரு நீண்ட ஸ்க்ரூடிரைவரைக் கையால் குத்திப் பார்த்தால் போதும். ஆறு அங்குலம் இறங்கவில்லை என்றால் அன்றைக்கு அங்கே குதிப்புப் பயிற்சி வேண்டாம் என்று முடிவு செய்யலாம். ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் நீளம் தாண்டுதலுக்கான மணல் குழி இருக்கிறது. மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையில் ஓடுவதைப் போல ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என்பதால், குறைந்த நேரத்தில் மூச்சுத் திறனைக் கூட்டும் பயிற்சியும் கிடைக்கும், எலும்பின் மேல் அதிர்ச்சியும் குறையும். வாரத்தில் ஒருநாள் பயிற்சியை அந்தக் குழிக்கு மாற்றுவதற்குச் செலவு ஏதும் இல்லை. மணலைக் கிளறி, கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் சரி. ‘ஃபிஃபா 11+’ எனப்படும் இருபது நிமிட முன்தயாரிப்புப் பயிற்சியைத் தவறாமல் செய்தால் கடுமையான காயங்கள் குறைகின்றன என்பது நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண் பிள்ளைகளிடமே சோதிக்கப்பட்டு, 2008இல் வெளியான முடிவு. குதித்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தரும் பயிற்சி அது. நம் தரை திருந்தும் வரை பிள்ளைகளுக்குக் கவசம் அது ஒன்றே. உடற்கல்வி ஆசிரியர்கள் அதை ஒருநாளும் விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசியச் சீனியர் சாம்பியன் பட்டத்தை 2017–18இலும் 2022–23இலும் வென்றது. மதுரையின் சேது அணி 2018–19இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. அந்த வெற்றிகளில் கொங்கு நாட்டின் பங்கு பெருக வேண்டுமென்றால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் பள்ளிக் கல்வித் துறையும் மாவட்டக் கால்பந்துக் கழகங்களும் சில முடிவுகளை எடுக்க வேண்டும். மாணவியர் தேர்வு நடக்கும் திடலின் இறுக்கத்தை அன்று காலையே சோதித்து, தேர்வுத் தாளில் பதிய வேண்டும். தரை சரியில்லாத இடத்தில் எடுத்த பீப் ஓட்டத்தின் நிலையை வைத்து மட்டும் யாரையும் கழிக்கக் கூடாது. புதிய சிறு விளையாட்டரங்கங்களில் செயற்கைத் தரை போடுவதாக இருந்தால், அதிர்ச்சி உள்வாங்கும் அளவையும் திருப்பெதிர்ப்பையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். காலை ஆறு முதல் எட்டு வரையிலும் மாலை ஐந்து முதல் ஏழு வரையிலும் வாரத்தில் பாதி நாட்களைப் பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்க வேண்டும். தண்ணீர் வசதியுள்ள அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிகளில் வட்டத்துக்கு ஒன்றையாவது தேர்ந்தெடுத்து, அறுபதுக்கு நாற்பது மீட்டரில் அருகம்புல் திடல் அமைக்க வேண்டும்.

புரட்டாசியில் மண்ணைக் கிளறி மணலும் எருவும் கலந்து, வடகிழக்குப் பருவமழையின் முதல் ஈரத்தில் புல்கரணைகளை நட்டால், மழையே பாதித் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும். தை முடிவதற்குள் திடல் மூடிவிடும், கோடை முகாமுக்குப் பிள்ளைகளை இறக்கலாம். அதற்கான பள்ளிகளின் பட்டியலும் நிதி ஒதுக்கீடும் ஆவணி மாதத்துக்குள் முடிவாக வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
பொள்ளாச்சி.